ரப்பர் தோட்டத்துக்குள் லினக்ஸ் மடிக்கணினி, கையில் போன் மட்டும்: நெட் எப்படி இணைக்க?

குலசேகரம் புதியவன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். பழைய ஹெச்பி மடிக்கணினியில் விண்டோஸை முழுக்க அழித்துவிட்டு லினக்ஸ் மின்ட் 22 போட்டாச்சு. திரை, ஒலி, டச்பேட் எல்லாம் சரி. வைஃபை மட்டும் அறவே இல்லை. கீழே வலது மூலையில் நெட்வொர்க் படத்தைத் தட்டினால் 'வயர்டு' என்று ஒரு வரிதான் வருகிறது, வைஃபை என்ற வரியே கிடையாது. ப்ளூடூத்தும் போனைக் கண்டுபிடிக்கவில்லை.

வீடு குலசேகரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே, சுற்றிலும் ரப்பர். பிராட்பேண்ட் லைன் இந்தப் பக்கம் இன்னும் இழுக்கவில்லை. இருப்பது ஒரு ஆண்ட்ராய்டு போன், ஒரு நாளைக்கு 2 ஜிபி பிளான். பவர் பேங்கோடு வந்த கேபிளில் போனை மாட்டினால் சார்ஜ் ஏறுகிறது. ஆனால் 'யூஎஸ்பி டெதரிங்' (போனின் நெட்டை கேபிள் வழியாகக் கணினிக்குக் கொடுப்பது) சுவிட்ச் சாம்பல் நிறத்தில் நிற்கிறது, தட்டினால் நகரவில்லை.

லினக்ஸில் இதற்கு ஏதாவது சாஃப்ட்வேர் போடணுமா? போடணும் என்றால் நெட் இல்லாமல் எப்படிப் போடுவது? வீட்டுக்குள் 4ஜி இரண்டு கோடுதான் நிற்கும், அது போதுமா?


வடசேரி டெர்மினல் பதில்:

தம்பி, சுவிட்ச் சாம்பல் நிறத்தில் நிற்கிறது என்றால் விஷயம் லினக்ஸ் வரைக்கும் போகவே இல்லை. கேபிளின் மறுமுனையில் கணினி இருப்பது போனுக்கே தெரியவில்லை. யூஎஸ்பி 2.0 கேபிளுக்குள் நான்கு கம்பி உண்டு: இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு டேட்டாவுக்கு. பவர் பேங்க், டிரிம்மர், சின்ன விளக்கு இவற்றோடு வரும் கேபிள் பலவற்றில் டேட்டா கம்பி இரண்டும் இருக்காது. சார்ஜ் ஏறும், வேறொன்றும் நடக்காது. போன் பெட்டியில் வந்த கேபிளை எடுத்து மாட்டுங்கள். மாட்டியதும் போனின் மேல்பக்க அறிவிப்பில் 'யூஎஸ்பி மூலம் சார்ஜ் ஆகிறது' என்று ஒரு வரி வந்து, அதைத் தட்டினால் கோப்புப் பரிமாற்றம், டெதரிங் என்று தேர்வுகள் திறக்க வேண்டும். திறந்தால் கேபிள் நல்ல கேபிள்.

கேபிள் சரியாக இருந்தும் சுவிட்ச் சாம்பலாகவே நின்றால் டேட்டா சேவர் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது போட்டிருக்கும்போது ஆண்ட்ராய்டு ஹாட்ஸ்பாட், டெதரிங் இரண்டையும் விடாது.

சுவிட்ச் இருக்கும் இடம் போனுக்குப் போன் மாறும். சாம்சங்கில் கனெக்‌ஷன்ஸ் உள்ளே 'மொபைல் ஹாட்ஸ்பாட் அண்ட் டெதரிங்'. மோட்டோரோலா, பிக்சலில் 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்' உள்ளே. ரெட்மியில் 'போர்ட்டபிள் ஹாட்ஸ்பாட்' பக்கம் தேடவும். எங்கே என்று பிடிபடாவிட்டால் செட்டிங்ஸ் தேடல் கட்டத்தில் டெதரிங் என்று அடித்தால் போதும்.

சாஃப்ட்வேர் ஒன்றும் போட வேண்டாம். தேவையான டிரைவர் (ஒரு கருவியை இயக்கும் மென்பொருள்) லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது. டெதரிங் போட்டதும் போன் தன்னை ஒரு யூஎஸ்பி லேன் கார்டாகக் காட்டிக்கொள்ளும். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்கள் ஆர்என்டிஐஎஸ் என்ற முறையில் பேசும், புதிய பிக்சல் போன்றவை என்சிஎம் முறையில். இரண்டுக்கும் கெர்னலில் டிரைவர் உண்டு. அதனால்தான் மின்ட் இதை 'வயர்டு' என்று காட்டும். வைஃபை வரி வரவில்லையே என்று தேட வேண்டாம், அந்த வயர்டு வரியில்தான் நெட் வரும்.

வராவிட்டால் எங்கே நிற்கிறது என்று கீழிருந்து மேலே பாருங்கள். கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன், டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்கணும்.

முதலில் எல்-எஸ்-யு-எஸ்-பி. போனின் கம்பெனிப் பெயர் அந்தப் பட்டியலில் வர வேண்டும். வரவில்லை என்றால் கேபிள், அல்லது போர்ட். இரண்டாவது, சூடோ (நிர்வாகி உரிமை தரும் சொல்) முன்னால் போட்டு டி-எம்-இ-எஸ்-ஜி. கடைசிச் சில வரிகளில் 'ஆர்என்டிஐஎஸ்_ஹோஸ்ட்' அல்லது 'சிடிசி_என்சிஎம்' என்ற சொல்லும் ஒரு இடைமுகப் பெயரும் (அந்த நெட் இணைப்புக்கு லினக்ஸ் வைக்கும் பெயர்) இருக்கும். போன் பெயர் தெரிகிறது, இந்தச் சொல் இல்லை என்றால் போனில் டெதரிங் சுவிட்ச் போடவில்லை, அல்லது போட்டது கேபிள் ஆடியதில் அணைந்துவிட்டது. மூன்றாவது, 'ஐபி அட்ரஸ்'. அந்த இடைமுகப் பெயர் யூஎஸ்பி0 என்றோ, இ-என்-எக்ஸ் என்று தொடங்கி 12 எழுத்து எண்ணோடு நீளமாகவோ இருக்கும். அதன் கீழே 192.168 என்றோ 10 என்றோ தொடங்கும் முகவரி கிடைத்திருக்க வேண்டும். நெட்வொர்க் படம் 45 விநாடி சுற்றிச் சுற்றி நின்றுவிட்டால் போன் முகவரி தரவில்லை என்று பொருள். சுவிட்சை அணைத்து, கேபிளைக் கழற்றி, மாட்டி, மறுபடி போடுங்கள். நான்காவது, 'பிங் 1.1.1.1'. பதில் வந்தால் நெட் வந்தாச்சு. இதற்குப் பதில் வந்து, தளத்தின் பெயரைப் போட்டால் மட்டும் வரவில்லை என்றால் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றும் சேவை) கோளாறு. ஐபிவி4 அமைப்பில் டிஎன்எஸ் கட்டத்தில் 1.1.1.1, 8.8.8.8 இரண்டையும் கையால் எழுதிவிடலாம்.

முகவரி கிடைத்து, போனில் நெட் ஓடி, மடிக்கணினியில் மட்டும் பிங் போகாமல் நிற்கிற ஒரு வகை உண்டு. அப்போது போனின் ஏபிஎன் (சிம் கம்பெனியின் நெட்டுக்குப் போகும் வாசல் அமைப்பு) பக்கத்தைத் திறந்து 'ஏபிஎன் டைப்' கட்டத்தைப் பாருங்கள். டிஃபால்ட் மட்டும் இருந்தால் அதோடு காற்புள்ளி போட்டு டி-யு-என் என்ற மூன்று எழுத்தையும் சேர்த்துச் சேமிக்கவும். சில போன்கள் டெதரிங்குக்கு அந்த வகை இருந்தால்தான் வழி விடும்.

ஒவ்வொரு முறையும் சுவிட்ச் போடுவது அலுப்பு. 'பில்ட் நம்பர்' வரியை 7 தடவை தட்டி டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறந்து, 'டிஃபால்ட் யூஎஸ்பி கான்ஃபிகரேஷன்' என்பதில் டெதரிங்கைத் தேர்ந்தெடுத்து வைத்தால், கேபிள் மாட்டியதும் தானாக நெட் வரும். கேபிள் ஆடி இணைப்பு விட்டாலும் தானே திரும்பும். புதிய ஆண்ட்ராய்டு பதிப்புகளில் இது இருக்கிறது.


குலசேகரம் புதியவன்:

கேபிள்தான் அண்ணாச்சி. போன் பெட்டியில் வந்ததை மாட்டியதும் சுவிட்ச் நகர்ந்தது, வயர்டு கனெக்டட் என்று வந்துவிட்டது. 1.1.1.1-க்கு பிங் பதில் வருகிறது, பெயருக்கும் வருகிறது.

ஆனால் இப்போது வேறு தொல்லை. சில தளங்கள் உடனே திறக்கின்றன. சில தளங்கள் வெள்ளைப் பக்கமாகச் சுற்றிக்கொண்டே நிற்கின்றன. அதே தளங்கள் போனில் நன்றாகத் திறக்கின்றன. அப்டேட் மேனேஜர் பட்டியலை எடுக்கத் தொடங்கி நடுவில் நிற்கிறது. காலையில் இருந்த 2 ஜிபி மத்தியானத்துக்குள் முடிந்தும் போனது.


முட்டம் கரைக்காற்று பதில்:

சிறிய பக்கம் திறக்கும், பெரியது நிற்கும், போனில் எல்லாம் திறக்கும்: இது எம்டியூ கோளாறின் அடையாளம். அதாவது ஒரே பொட்டலத்தில் எத்தனை பைட் போகலாம் என்ற அளவு. மடிக்கணினி தன்னை லேனில் இருப்பதாக நினைத்து 1500 என்று வைத்திருக்கும். மொபைல் நெட்வொர்க்கின் உள்வழி அதைவிடக் குறுகல். ஐபிவி6 (ஐபிவி4-க்கு அடுத்து வந்த இணைய முகவரி முறை) மட்டும் ஓடும் நெட்வொர்க்கில் உங்கள் ஐபிவி4 பொட்டலத்தைப் போன் ஐபிவி6 ஆக மாற்றித்தான் அனுப்பும். பொட்டலத்தின் முன்னால் முகவரி தாங்கும் 20 பைட் தலைப்பு 40 ஆகிவிடும், பொட்டலம் 20 பைட் கூடும். டவருக்கும் உள்நெட்வொர்க்குக்கும் நடுவே இன்னொரு உறையும் சுற்றப்படும். 'பெரிதாக இருக்கிறது, குறைத்து அனுப்பு' என்று திரும்பி வர வேண்டிய செய்தி வழியில் எங்காவது தடுக்கப்பட்டால், பெரிய பொட்டலம் சத்தமில்லாமல் காணாமல் போகும். பிங் பொட்டலம் சிறியது, அதனால் அது மட்டும் சுகமாகப் போய்வரும்.

அளந்து பாருங்கள். பிங் கட்டளையில் ஹைபன் பெரிய எம் போட்டு 'டு' என்றும், ஹைபன் சிறிய எஸ் போட்டு 1472 என்றும் கொடுத்து 1.1.1.1-க்கு அனுப்பவும். தலைப்பு 28 பைட்டும் சேர்ந்தால் சரியாக 1500. பதில் இல்லை என்றால் 1372 (அதாவது 1400), அதற்கும் இல்லை என்றால் 1252 (அதாவது 1280). எது போகிறதோ அதற்கு 28 கூட்டினால் உங்கள் எம்டியூ. 1280-க்குக் கீழே வைக்க வேண்டாம். ஐபிவி6-க்கு அதுதான் குறைந்தபட்ச அளவு, அதற்குக் கீழே போனால் லினக்ஸ் அந்த இடைமுகத்தில் ஐபிவி6-ஐயே எடுத்துவிடும்.

இந்த எண்ணை எழுத 'நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸ்' திறந்து, தானாக உருவான 'வயர்டு கனெக்‌ஷன் 1'-ஐ மாற்றாமல், கூட்டல் குறி தட்டிப் புதிதாக ஒரு ஈத்தர்நெட் இணைப்பு உருவாக்குங்கள். ஈத்தர்நெட் தாவலில் டிவைஸ் கட்டத்தைக் காலியாக விட்டு, எம்டியூவில் 1400 எழுதிச் சேமிக்கவும். காலியாக விடுவதற்குக் காரணம் இருக்கிறது. பல போன்கள் டெதரிங் போடும் ஒவ்வொரு தடவையும் புது மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) கொடுக்கும், அதோடு இ-என்-எக்ஸ் பெயரும் மாறும். பழைய பெயரில் கட்டிப்போட்ட அமைப்பு மறுநாள் பொருந்தாது. 'நேற்று சரி பண்ணினேன், இன்று பழையபடி' என்று வருகிற புகார்களில் பாதி இதுதான்.

பெயரையே நிலையாக்க வேண்டும் என்றால் லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி-யின் நெட்வொர்க் அடைவில் புள்ளி-லிங்க் என்று முடியும் கோப்பு ஒன்று வைத்து, மேட்ச் பகுதியில் டிரைவர் ஆர்என்டிஐஎஸ்_ஹோஸ்ட் என்றும், லிங்க் பகுதியில் நேம் போன்0 என்றும் எழுதலாம். டேட்டா கணக்கு வைப்பவர்களுக்கு இது ரொம்ப உதவும்.

எம்டியூ 1400 வைத்து மடிக்கணினி பேசத் தொடங்கினால், எதிர்முனை சர்வருக்கும் 'என்னிடம் இவ்வளவு பெரிதாகத்தான் அனுப்பு' என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடும். அதனால் வருகிற பொட்டலமும் சிறியதாகும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் போதுமா என்று கேட்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

ஐபிவி6-ஐ அணைத்தால் சரியாகும் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். சோதித்துப் பார்க்க அணைக்கலாம், அப்படியே விட வேண்டாம். ஐபிவி6 நெட்வொர்க்கில் அதை அணைத்தால் எல்லாப் போக்குவரத்தும் போனின் மொழிபெயர்ப்பு வழியாகவே நெரிந்து போகும்.

கடற்கரையோரம் இருப்பவர்களுக்கு இன்னொன்று. குளச்சல், முட்டம், மணக்குடி பக்கம் உப்புக்காற்றில் போனின் சார்ஜ் வாயில் பச்சை பூத்துவிடும். முதலில் டேட்டா முனைகள் போகும், சார்ஜ் மட்டும் ஏறும். கேபிளை மாற்றி மாற்றிப் பார்த்துப் பயனில்லை. போனை அணைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய தூரிகையால் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் மாட்டுங்கள். ஊசி, குண்டூசி விட வேண்டாம், நடுநாக்கு உடைந்தால் போர்டையே மாற்றணும்.


களியக்காவிளை எல்லை பதில்:

சிக்னல் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் நான்.

கோடுகளை நம்பாதீர்கள், ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்குக் கோடு போடும். 'அபௌட் போன்' உள்ளே சிம் ஸ்டேட்டஸ் பக்கத்தில் டிபிஎம் எண் (சிக்னலின் பலம்) இருக்கும். மைனஸ் 80, 90 என்றால் நன்று. மைனஸ் 100 என்றால் ஓடும். மைனஸ் 110-ஐத் தாண்டினால் வீடியோ நிற்கும், மைனஸ் 120 பக்கம் போனால் ஒன்றும் நடக்காது. வீட்டுக்குள் நாலைந்து இடத்தில் போனை ஒரு நிமிடம் வைத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓட்டு வீட்டுக்கும் கான்கிரீட் வீட்டுக்கும், கிழக்குச் சன்னலுக்கும் மேற்குச் சன்னலுக்கும் 10, 15 வித்தியாசம் சாதாரணமாக வரும்.

ரப்பர் இலை ஒரு பெரிய தடுப்பு. தை மாத வாக்கில் இலை உதிர்ந்து மரம் மொட்டையாக நிற்கும்போது நன்றாக இருந்த சிக்னல், தளிர் விட்டு இலை அடர்ந்ததும் இறங்கும். மழையில் இலை நனைந்தால் இன்னும் இறங்கும். 2300 மெகாஹெர்ட்ஸ் மாதிரி உயர் அலைவரிசைதான் இதில் அதிகம் அடிபடும். 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் இலையையும் சுவரையும் ஓரளவு தாண்டி வரும். பிஎஸ்என்எல் 4ஜிக்கு 700-ம் 2100-ம், ஜியோவுக்கு 850, ஏர்டெலுக்கு 900 உண்டு. உங்கள் மூலையில் எது எட்டுகிறது என்று பக்கத்து வீட்டு போனை ஒரு நாள் வாங்கிப் பார்ப்பதுதான் சரியான சோதனை. இரண்டு சிம் போன் என்றால் இன்னும் சுலபம்.

5ஜி போன் என்றால் பலவீனமான 5ஜியைப் பிடிப்பதும் விடுவதுமாக ஊசலாடும், ஒவ்வொரு ஊசலிலும் டெதரிங் சில விநாடி தொங்கும். 'பிரிஃபர்டு நெட்வொர்க் டைப்'பில் 4ஜி என்று பூட்டிவிடுங்கள். வேகம் குறைந்தாலும் நிலையாக நிற்கும்.

போனை நல்ல இடத்தில் வைத்து கேபிளை நீட்டலாம், ஆனால் யூஎஸ்பி 2.0-க்கு 5 மீட்டர்தான் எல்லை. மலிவு கேபிளில் 3 மீட்டரிலேயே மின்னழுத்தம் விழுந்து போன் துண்டித்துத் துண்டித்துப் பிடிக்கும். 2 மீட்டர் நல்ல கேபிள், சன்னல் ஓரம் ஒரு மேசை, இது போதும். மொட்டை மாடிக்கு இழுக்க வேண்டாம். ஐப்பசி மாத மாலை இடிகளுக்கு நீளக் கேபிள் நல்லதல்ல.

எல்லையோர ஆட்களுக்கு: களியக்காவிளை, கொல்லங்கோடு, கடையாலுமூடு பக்கம் போன் கேரள டவரைப் பிடிக்கும். சில போன்களில் அப்போது ரோமிங் குறி வரும். டேட்டா ரோமிங் அணைத்திருந்தால் நெட் சட்டென்று நிற்கும், காரணம் தெரியாமல் லினக்ஸைக் குடைவார்கள். நாட்டுக்குள்தான் என்பதால் அதைப் போட்டு வைப்பது நல்லது.


ஆரல்வாய்மொழி காற்றாடி பதில்:

2 ஜிபி மத்தியானத்துக்குள் முடிந்ததற்குப் பதில் சொல்கிறேன். புதிதாகப் போட்ட மின்ட் முதல் தடவை நெட்டைக் கண்டதும் நிலுவையில் இருக்கும் அத்தனை அப்டேட்டையும் கேட்கும். லினக்ஸ்-ஃபர்ம்வேர் என்ற ஒரே பொதி சில நூறு எம்பி. கெர்னல் தனியாக 100 எம்பிக்கு மேல். உலாவி, ஆபிஸ் எல்லாம் சேர்ந்தால் 2 ஜிபி ஒரு பொருட்டே அல்ல.

அளவு முடிந்தபின் வேகம் 64 கேபிபிஎஸ் ஆக இறங்கும் பிளான்களில், அது விநாடிக்கு 8 கிலோபைட். 100 எம்பி இறக்க மூன்றரை மணி நேரம். அந்த வேகத்தில் அப்டேட் போட்டுக் காத்திருக்க வேண்டாம், நிறுத்திவிடுங்கள். ஆப்ட் (மின்ட்டில் மென்பொருள் இறக்கி நிறுவும் கருவி) பாதி இறக்கியதைத் தூக்கி எறியாது. 'பார்ஷியல்' என்ற அடைவில் வைத்திருந்து மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரும். கரண்டு போனாலும், டவர் போனாலும், சிம் அளவு முடிந்தாலும் இறக்கியது வீணாகாது.

செய்ய வேண்டியது: அப்டேட் மேனேஜரின் பிரிஃபரன்சஸ் உள்ளே தானாகப் புதுப்பிக்கும் தேர்வுகளை அணைத்து வைக்கவும். சாஃப்ட்வேர் சோர்சஸில் இந்திய மிர்ரர் (நகல் சர்வர்) ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும், நேரம் மிச்சமாகும். கம்பெனி அளவைப் புதுப்பிக்கும் நேரம் நள்ளிரவு என்றால், 'டவுன்லோட் ஒன்லி' என்ற விருப்பத்தோடு ஆப்ட் ஃபுல்-அப்கிரேட் கட்டளையை இரவு 12 மணிக்குப் பிறகு ஓட விடுங்கள். காலையில் நெட் இல்லாமலேயே நிறுவலாம். முதலில் பாதுகாப்பு அப்டேட்டுகளை மட்டும் டிக் செய்து இறக்கவும், ஃபர்ம்வேரை இன்னொரு நாளுக்கு விடவும்.

இது மீட்டர் இணைப்பு (டேட்டா அளவு கணக்கிடப்படும் இணைப்பு) என்று நெட்வொர்க் மேனேஜருக்குச் சொல்வதும் நல்லது. ஆண்ட்ராய்டு முகவரி கொடுக்கும்போதே 'இது மீட்டர் இணைப்பு' என்ற குறிப்பைச் சேர்த்து அனுப்பும், நெட்வொர்க் மேனேஜர் அதைப் படித்துத் தானாக ஊகித்துக்கொள்ளும். ஆனாலும் மேலே முட்டம்காரர் சொன்ன புது இணைப்பின் ஜெனரல் தாவலில் 'மீட்டர்டு' என்பதை 'யெஸ்' ஆக்கிவிட்டால் ஊகத்துக்கு இடமில்லை. உபுண்டு போட்டவர்கள் ஸ்னாப்பையும் (உபுண்டுவின் இன்னொரு மென்பொருள் நிறுவி) அடக்க வேண்டும். மீட்டர் இணைப்பிலும் அது தானாகப் புதுப்பிக்கும். சூடோவோடு 'ஸ்னாப் செட் சிஸ்டம்' என்று தொடங்கி 'ரிஃப்ரெஷ்.மீட்டர்டு' என்பதற்கு 'ஹோல்ட்' கொடுங்கள். மின்ட்டில் ஸ்னாப் கிடையாது, அந்தக் கவலை இல்லை.

எவ்வளவு போகிறது என்று பார்க்க விஎன்ஸ்டாட் என்ற சிறு கருவி போதும், நாள்வாரிக் கணக்குக் காட்டும். இடைமுகப் பெயர் தினமும் மாறினால் கணக்கும் தினமும் புதிதாகத் தொடங்கும், அதனால்தான் பெயரை போன்0 என்று நிலையாக்கச் சொன்னார்.

கரண்டு இல்லாத நேரத்தில் இன்னொரு கவனம். டெதரிங் ஓடும்போது போன் மடிக்கணினியிலிருந்து சார்ஜ் எடுக்கும். யூஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லியாம்ப் தரும், 3.0 என்றால் 900. மடிக்கணினி பேட்டரி அந்த அளவுக்குச் சீக்கிரம் குறையும். பலவீனமான சிக்னலில் போன் செலவழிப்பது அதைவிடக் கூடுதலாகி, கேபிளில் இருந்தும் சார்ஜ் இறங்குவதும் உண்டு. போன் சூடானால் உறையைக் கழற்றி வைக்கவும். சூட்டில் போன் தன் வேகத்தைத் தானே குறைக்கும், அதை டவர் கோளாறு என்று நினைத்துவிடுவோம்.

டிஎல்பி என்ற பேட்டரி சேமிப்புக் கருவி போட்டவர்கள், இணைப்பு அடிக்கடி அறுந்தால், அதன் அமைப்புக் கோப்பில் 'யூஎஸ்பி_எக்ஸ்க்ளூட்_போன்' என்பதை 1 ஆக்கவும். இல்லாவிட்டால் சும்மா இருக்கும்போது அது போன் போர்ட்டைத் தூங்க வைத்துவிடும்.


கருங்கல் வழிப்போக்கன்:

இடையில் ஒரு கேள்வி. ஐபோனுக்கும் இதே வழிதானா?


வடசேரி டெர்மினல்:

கிட்டத்தட்ட. கெர்னலில் ஐபிஹெத் என்ற டிரைவர் இருக்கிறது. கூடவே யூஎஸ்பிமக்ஸ்டி என்ற சேவை ஓட வேண்டும், மின்ட், உபுண்டு இரண்டிலும் அது வழக்கமாக இருக்கும். பூட்டைத் திறந்த நிலையில் ஐபோனை மாட்டி, 'இந்தக் கணினியை நம்பலாமா' என்ற கேள்விக்கு 'டிரஸ்ட்' தட்டி, பெர்சனல் ஹாட்ஸ்பாட்டைப் போடவும். 172.20.10 என்று தொடங்கும் முகவரி வந்தால் சரி. 'டிரஸ்ட்' கேள்வி வரவே இல்லை என்றால் பூட்டைத் திறந்து வைத்து மறுபடி மாட்டுங்கள்.

ஒரு வேறுபாடு. ஆண்ட்ராய்டு போன் வைஃபையில் இருந்தாலும் அந்த வைஃபையையே யூஎஸ்பி வழியாக மடிக்கணினிக்குக் கொடுக்கும். வைஃபை கார்டு செத்த கணினிக்கு அது பெரிய உதவி, போனே வைஃபை கார்டு ஆகிவிடும். ஐபோன் சிம் டேட்டாவை மட்டும்தான் பகிரும்.


குலசேகரம் புதியவன்:

1472-க்குப் பதில் இல்லை, 1372-க்கு வந்தது. எம்டியூ 1400 வைத்ததும் நின்ற தளங்கள் எல்லாம் திறக்கின்றன. சன்னல் ஓரம் மைனஸ் 98, உள்ளறையில் மைனஸ் 113. மேசையைச் சன்னலுக்கு மாற்றிவிட்டேன்.

கடைசியாக வைஃபை. எல்-எஸ்-பி-சி-ஐ கட்டளையில் நெட்வொர்க் கன்ட்ரோலர் பிராட்காம் பிசிஎம்43142 என்று வருகிறது. டிரைவர் இறக்கவும் டேட்டா போகுமா?


முட்டம் கரைக்காற்று:

போகாமலேயே முடியும். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம், சிப் பெயர் தெரியாததால் விட்டுப்போச்சு. பிராட்காம் டிரைவர் பொதி மின்ட் நிறுவிய யூஎஸ்பி குச்சியிலேயே இருக்கிறது. அந்தக் குச்சியை மாட்டி, டிரைவர் மேனேஜரைத் திறக்கவும். நெட் இல்லாத நிலையில் திறந்தால், குச்சியை மூலமாகச் சேர்த்துக்கொள்ளும் 'மவுண்ட்' பொத்தானை அதுவே காட்டும். ஆகவே டெதரிங்கை அணைத்துவிட்டுத் திறங்கள். பிராட்காம் வரியைத் தேர்ந்து 'அப்ளை' கொடுத்தால் சில நிமிடத்தில் டிரைவர் உங்கள் கெர்னலுக்காகத் தொகுக்கப்பட்டு உட்காரும்.

செக்யூர் பூட் (கையொப்பம் உள்ள மென்பொருளை மட்டும் தொடங்க விடும் பாதுகாப்பு) போட்டிருந்தால் நடுவில் ஒரு கடவுச்சொல் கேட்கும். எளிதாக ஒன்று வைத்து எழுதிக்கொள்ளுங்கள். மறுதொடக்கத்தில் நீலத் திரை வரும். 'என்ரோல் எம்ஓகே', 'கன்டினியூ', 'யெஸ்', பிறகு அந்தக் கடவுச்சொல். சில விநாடிக்குள் ஒரு விசை அழுத்தாவிட்டால் அந்தத் திரை தானே மறைந்து கணினி வழக்கம்போல் தொடங்கிவிடும், டிரைவர் இருந்தும் வைஃபை வராது. பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். தவறவிட்டால் எம்ஓகே-யூட்டில் கட்டளையில் 'இம்போர்ட்' கொடுத்து மறுபடி முயலலாம். அல்லது ஹெச்பியில் எஃப்10 அழுத்தி பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்துவிடலாம்.

வைஃபை வந்தபின் போன் ஹாட்ஸ்பாட்டில் இரண்டு மாற்றம் அவசியம். இந்தச் சிப் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் பிடிக்கும், 5 கிகாஹெர்ட்ஸில் ஹாட்ஸ்பாட் போட்டால் பட்டியலிலேயே வராது. இந்த டிரைவருக்கு டபிள்யூபிஏ3 தெரியாது, பாதுகாப்பு வகையை டபிள்யூபிஏ2 என்று வைக்கவும். கலந்த வகையாக வைத்தால் பெயர் தெரியும், கடவுச்சொல் சரியாக இருந்தும் திரும்பத் திரும்பக் கேட்கும். எம்டியூ 1400 அந்த வைஃபை இணைப்புக்கும் தனியாக எழுத வேண்டும், வயர்டில் எழுதியது அங்கே வராது.

ப்ளூடூத்துக்கு இதே சிப்பின் ஃபர்ம்வேர் கோப்பு ஹெச்சிடி என்று முடியும் பெயரில் தனியாக வேண்டும், அதனால்தான் போனைக் கண்டுபிடிக்கவில்லை. நெட்டுக்காக அதன் பின்னால் அலைய வேண்டாம், ப்ளூடூத் டெதரிங் கிடைத்தாலும் நடைமுறையில் 1, 2 எம்பிபிஎஸ்தான்.

யூஎஸ்பி, வைஃபை இரண்டும் ஒரே நேரம் இருந்தால் லினக்ஸ் யூஎஸ்பி வழியைத்தான் எடுக்கும். 'ஐபி ரூட்' அடித்தால் வயர்டுக்கு மெட்ரிக் 100, வைஃபைக்கு 600 என்று தெரியும், சிறிய எண்தான் முதலில். ஊர்ப் பக்கம் யார் வீட்டுக்காவது போய் வைஃபையில் பெரிய அப்டேட் இறக்கும்போது போன் கேபிளைக் கழற்றிவிட்டு இறக்குங்கள். இல்லாவிட்டால் உங்கள் 2 ஜிபிதான் கரையும்.